இன்னும் எழுந்திருக்கச் சொல்லவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கதை கட்டத் தெரியாது, படம் போடத்தான் தெரியும். ஒரு தொடக்கப் பள்ளியில் ஓவிய ஆசிரியை நான். பதினேழு வருடமாகப் பிள்ளைகளோடு உட்கார்ந்து காகிதக் கூழில் பேய் முகமூடி செய்து, பல் ஒட்டி, நாக்குத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பவள். பேய் என்றாலே எனக்குப் பசை வாசனைதான் ஞாபகம் வரும். அப்படிப்பட்டவள்தான் இதைச் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். ஓவிய அறையின் கடிகாரம் என் மேசைக்கு நேர் எதிரே இருப்பதால் நேரம்கூடத் தப்பாது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இரண்டாம் வகுப்புக்கு வருடா வருடம் ஒரு வேலை வைப்பேன். பழுப்புத் தாளை ஆள் நீளத்துக்கு வெட்டித் தரையில் விரித்து, நான்கு மூலையிலும் பெயின்ட் பாட்டில் வைத்து அமுக்குவோம். பிள்ளை ஷூவைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு வந்து தாளின்மேல் மல்லாந்து படுக்கும். நான் மார்க்கரால் உடம்பைச் சுற்றிக் கோடு இழுப்பேன். பள்ளி திறந்த முதல் மாதம் சிவப்புக் கோடு. கண்காட்சிக்கு ஒரு மாதம் இருக்கும்போது அதே தாளில், அதே இடத்தில் குதிகாலை வைத்துப் படுக்கச் சொல்லி நீலக் கோடு. சிவப்பை விட்டு நீலம் எவ்வளவு வெளியே ஓடுகிறதோ, அவ்வளவு பிள்ளை வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். கண்காட்சி அன்று பெற்றோர் அந்த இடைவெளியை விரலால் தடவிப் பார்ப்பார்கள். கண்டிப்பான அப்பாக்கள்கூட அந்த இடத்தில் மூக்கை உறிஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஒரே ஒரு விதிதான். வலது குதிகாலில் தொடங்கும் கோடு உடம்பைச் சுற்றி வந்து இடது குதிகாலில் முடிய வேண்டும். முடிந்ததும் நான், "முடிஞ்சது, எழுந்துக்கலாம்" என்பேன். அதைச் சொல்லும்வரை அசையக் கூடாது. பாதியில் எழுந்து ஓடி, தலைக்கு மூன்று காது வாங்கிக்கொண்ட பயல்களால் வந்த விதி அது.

அந்த வருடம் வகுப்பில் இருபத்து மூன்று பேர். அதில் ஒரு பெண்ணுக்கு நான் வைத்த பெயர் நிதானம். ஷூ லேஸ் அவிழ்க்க ஒரு காலுக்கு நான்கு நிமிடம். கட்ட இன்னும் கொஞ்சம் கூட. சூரியனுக்கு மஞ்சள் அடிக்கத் தொடங்கினால் மணி அடிக்கும்போது பாதிச் சூரியன்தான் உதித்திருக்கும். "பதறாத காரியம் சிதறாது" என்று தலைமை ஆசிரியை அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். நான், "நிதானம், நீ பெரியவளாகி வேலைக்குப் போறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன்" என்பேன். அவள் யோசித்துவிட்டு, "சரி மிஸ்" என்பாள். கோபமே வராத பிள்ளை. இரண்டு பின்னலையும் மடித்துக் கட்டி வருவாள். அக்குளில் மட்டும் கூச்சம் அதிகம். சிவப்புக் கோடு இழுத்தபோது அந்த இடத்தில் அவள் சிரித்த சிரிப்பில் கோடே நெளிந்து போனது.

நீலக் கோடு போட்டது ஒரு வியாழக்கிழமை. குளிர்காலம். வழக்கம்போல நிதானம்தான் கடைசி. 3.38க்கு வந்து படுத்தாள். வலது குதிகாலில் தொடங்கிக் கணுக்கால்வரை வந்தேன். அதற்குள் தலைமை ஆசிரியை அழைக்கிறார் என்று ஆள் வந்தது. மறுநாள் யாரோ அதிகாரி வருகிறாராம், உடனே ஒரு வரவேற்புப் பதாகை எழுத வேண்டுமாம்.

"அசையாம இரு. இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

3.50க்குப் பள்ளி விட்டது. அவர்கள் வகுப்பு ஆசிரியை அன்று விடுப்பு. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. நான் பதாகையில் எழுத்துக்கு நிழல் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தப் பாழாய்ப் போன நிழல் யாருக்கு வேண்டியிருந்தது? 4.35க்கு அறையைப் பூட்ட வந்தேன். உள்ளே மங்கலாக இருந்தது. சிமென்ட் தரையில், தாளின்மேல், கையை விரித்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு அவள் அப்படியே கிடந்தாள்.

"ஏய்... நீ போகலையா?"

"நீங்க எழுந்துக்கன்னு சொல்லலியே மிஸ்."

ஐம்பத்தேழு நிமிடம். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குச் சிடுசிடுப்பு வந்துவிடும். "அசடு, அசடு" என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட்டேன். சட்டையின் முதுகுப் பக்கம் சில்லென்று இருந்தது.

"முடிஞ்சிடுச்சா மிஸ்?"

"நாளைக்கு முடிக்கலாம். ஓடு, அம்மா வந்திருப்பாங்க."

அவள் ஓடவில்லை. அவளுக்கு ஓடத் தெரியாது. வாசல்படியில் உட்கார்ந்து லேஸ் கட்டத் தொடங்கினாள். அவள் அம்மா ஒரு தையல் கடையில் வேலை செய்பவர். கடையிலிருந்து நேரே வருவார், எப்போதும் நாலரை தாண்டித்தான். கேட்டில் காத்துக்கொண்டு நின்றது சன்னலில் தெரிந்தது. நான் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். அடுத்த வாரம் மருத்துவமனை என்றார்கள். பதினோராம் நாள் காலையில் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவளுக்காக எல்லோரையும் ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

மூளைக்குப் போன காய்ச்சல், தரையில் படுத்ததால் எல்லாம் அது வராது என்று எனக்குத் தெரிந்த ஒரு மருத்துவர் சொன்னார். மூன்று முறை கேட்டேன், மூன்று முறையும் அதையே சொன்னார். ஆனாலும் குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அந்தச் சில்லிட்ட சட்டை என் உள்ளங்கையை விட்டுப் போகவில்லை. அவளைப் பார்க்கக் கலர் பென்சில் பெட்டி வாங்கிக்கொண்டு மருத்துவமனை வாசல்வரை போயிருந்தேன். உள்ளே போகத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன். அவளை எடுத்துக்கொண்டு போன அன்றும் தெருமுனையிலேயே நின்றுவிட்டு வந்தேன். அந்த ஐம்பத்தேழு நிமிடத்தை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அவள் தாளைச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, அலமாரிக்கு மேலே கண்ணில் படாதபடி தள்ளி வைத்தேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு வகுப்பு ஆசிரியை வந்து சொன்னார். "அந்தப் பாப்பாவோட அம்மா கேட்டனுப்பிச்சாங்க. எல்லாப் பிள்ளைங்க தாளோட அவ தாளையும் மாட்டுவீங்களான்னு. வந்து பாக்கணுமாம்."

"மாட்டுறேன்" என்று சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்வது?

கண்காட்சிக்கு முந்தின நாள் மாலை, மாட்டும் வேலைக்காக நான் மட்டும் தங்கினேன். ஐந்து மணிக்கு ஆயாம்மா பெருக்கி முடித்துப் போய்விட்டார். கேட்டில் காவல்காரர் இருந்தார். பழையவர் நின்றுவிட்டதால் புதிதாக வந்தவர், வந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

இருபத்திரண்டு தாளையும் கூடத்தில் மாட்டிவிட்டு, 5.20க்கு ஓவிய அறைக்கு வந்து அவள் சுருளை இறக்கினேன். தரையில் விரித்தேன். தலைப் பக்கம் இரண்டு மூலைக்கு இரண்டு பாட்டில் வைத்தேன். கால் பக்கம் தாள் சுருண்டு சுருண்டு வந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போய்த் தொட்டியில் தூரிகைகளைக் கழுவினேன்.

திரும்பி வந்து பார்த்தால் நான்கு மூலையிலும் பாட்டில் இருந்தது.

நானே வைத்து மறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு நாள் முழுக்க ஏணியில் ஏறி இறங்கினவளுக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

தாளைப் பார்த்தேன். முழு உருவத்துக்குச் சிவப்புக் கோடு. தலைக்கு இரண்டு பக்கமும் மடித்த பின்னல்கள். அக்குளில் அந்தச் சிரிப்பு நெளிவு. வலது குதிகாலில் நான்கு விரல் நீலம். அதோடு நின்றிருந்தது. இதையா ஒரு தாய் வந்து பார்ப்பாள்? 'உன் பிள்ளை குதிகால் மட்டும்தான் வளர்ந்தது' என்றா காட்டுவது?

அப்போதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் ஏறக்குறைய ஒரு விரல் அகலம் வளர்ந்திருந்தார்கள். இதிலும் சிவப்புக்கு வெளியே ஒரு விரல் தள்ளிச் சுற்றி இழுத்துவிட்டால் போயிற்று. யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? நல்லதுக்குத்தானே?

5.31. முட்டி போட்டு உட்கார்ந்து, நீலம் நின்ற இடத்தில் மார்க்கரை வைத்து இழுத்தேன்.

எழுதவில்லை.

உள்ளங்கையில் கிறுக்கினேன். பளிச்சென்று எழுதியது. தாளில் வைத்தேன். எழுதவில்லை. புதுப் பெட்டி பிரித்து வேறு மார்க்கர் எடுத்தேன். அதுவும் கையில் எழுதியது, தாளில் எழுதவில்லை. தாளில் பசை பட்டிருக்குமோ என்று தடவிப் பார்த்தேன். வழவழப்பு ஒன்றுமில்லை. சில்லென்று மட்டும் இருந்தது.

அந்தச் சில்லிப்பு எனக்குத் தெரிந்தது.

மார்க்கரை மூடி வைத்துவிட்டு, மேசைக்குப் போய் உட்கார்ந்தேன். ஏன் அழுதேன் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. விளக்கைப் போட்டேன்.

5.44.

டப்...

வாசலில் ஏதோ விழுந்தது. ஒரு ஷூவைக் கழற்றிப் போட்ட சத்தம். கனமில்லாத, சின்ன ஷூ.

"ஆயாம்மா?"

எழுந்து போய்ப் பார்த்தேன். தாழ்வாரத்தில் யாரும் இல்லை. ஷூ வைக்கும் பலகை காலி. திரும்பி வந்து தாளை மிதிக்காமல் சுற்றி நடந்து மேசைப் பக்கம் போனேன். கடிகார முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

5.45...

5.46...

5.47...

5.48.

டப்.

இரண்டாவது ஷூ.

ஒரு காலுக்கு நான்கு நிமிடம். உலகத்திலேயே ஒரு பிள்ளைதான் அப்படி.

வாசலுக்கு ஓடலாம். ஆனால் எனக்கும் வாசலுக்கும் நடுவில் அந்தத் தாள் கிடந்தது.

அந்தத் தாள் சத்தம் போட்டது.

சர்ர்...

குதிகால் இடத்தில் இரண்டு பள்ளம்.

சர்ர்... மொர மொர...

இடுப்பு. பிறகு முதுகு. பழுப்புத் தாளில் ஆள் படுத்தால் வரும் சத்தம். பதினேழு வருடம் கேட்ட சத்தம்... எனக்கா தெரியாது?

கடைசியாகத் தலை. மெதுவாக... மெதுவாக... தாள் அமுங்கியது.

பிறகு சத்தமே இல்லை. காத்திருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கத்தியிருக்க வேண்டும், சன்னல் வழியாகக் குதித்திருக்க வேண்டும். எதையும் செய்யவில்லை. பயம் இல்லாமல் இல்லை. பல் கிட்டிப்போயிருந்தது. ஆனால் பயத்துக்கும் மேலே ஒன்று இருந்தது. நாளைக்கு முடிக்கலாம் என்று நான் சொல்லியிருந்தேன். அவள் முடிக்க வந்திருக்கிறாள்.

மண்டியிட்டேன். மார்க்கரைத் திறந்தேன். நீலம் நின்ற இடத்தில் வைத்தேன்.

எழுதியது.

கணுக்காலிலிருந்து மேலே போனேன். மார்க்கரின் பக்கவாட்டில் ஏதோ முட்டியது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முட்டியது. கோடு சிவப்புக்கு வெளியே போகவில்லை. உள்ளே போனது. என் கை கோணிவிட்டது என்று வெளியே தள்ளப் பார்த்தேன். வரவில்லை. தொடையில் இன்னும் உள்ளே. இடுப்பில் இன்னும் உள்ளே.

வலது கை. மணிக்கட்டுக்கு வந்தேன். அங்கே மட்டும் கோடு வெளியே பிதுங்கியது. பட்டையாக, கட்டையாக. விரல்களுக்கு நடுவே போகும்போது ஒவ்வொரு விரலும் சில்லென்றது.

அக்குள்.

தாள் நடுங்கியது. சரசர... சரசர...

"அசையாதே" என்றேன்.

பழக்க தோஷம். வாய் தானாகச் சொன்னது.

உடனே நின்றது.

என் கண்ணீர் தாளில் சொட்டியது. துடைக்கவில்லை.

தோள். கழுத்து. காது...

பின்னல் வரும் இடத்தில் கையை அகலமாகக் கொண்டுபோனேன். மார்க்கர் வரவில்லை. தலையோடு ஒட்டியே போனது. வழவழவென்று, ஒரு உருண்டையைச் சுற்றுவது போல. பின்னலே இல்லை.

உச்சி சிவப்பை விட இரண்டு விரல் மேலே இருந்தது.

வளர்ந்திருந்தாள்.

இடது காது.

இடது தோள்.

இடது கை.

இடுப்பு... முட்டி...

இடது குதிகால்.

6.09.

முடிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன்...

"மிஸ்! இன்னும் போகலையா?"

சன்னலில் காவல்காரரின் டார்ச் வெளிச்சம். அவ்வளவுதான். அதுவரை எங்கே ஒளிந்திருந்ததோ, அத்தனை பயமும் மொத்தமாக வந்தது. தாளை ஒரே தாண்டாகத் தாண்டி ஓடினேன். பையையும் எடுக்கவில்லை, விளக்கையும் அணைக்கவில்லை.

"என்ன மிஸ், பேயறைஞ்ச மாதிரி வரீங்க?"

"பூட்டிடுங்கண்ணா" என்று மட்டும் சொன்னேன்.

காலையில் ஆயாம்மாவைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் கதவைத் திறந்தேன். தாள் அப்படியே கிடந்தது. நான்கு பாட்டில். முழு நீலக் கோடு. ஆயாம்மா அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கூடத்தில் கடைசியாக மாட்டினார். "ஏன் மிஸ், இது மட்டும் ஒட்டாம உப்பிக்கிட்டு நிக்குது?" என்று கையால் நீவிப் பார்த்தார். தலையும் முதுகும் குதிகாலும் அமுங்கிய பள்ளம் போகவே இல்லை.

பத்து மணிக்குக் கூடம் நிரம்பியது. எங்கும் பெற்றோர் சத்தம். 11.20க்கு அவள் அம்மா வந்தார். கடையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. எடுக்க மறந்திருந்தார்.

தாளின் முன்னால் நின்றார். பிறகு நாடாவை எடுத்து, நீலக் கோட்டின் கழுத்திலிருந்து குதிகால்வரை வைத்துப் பார்த்தார். இடுப்புக்குக் குறுக்கே வைத்துப் பார்த்தார். மறுபடியும் கழுத்திலிருந்து வைத்துப் பார்த்தார்.

"முப்பத்தேழே கால்" என்றார். "மிஸ், இது எப்பப் போட்டது?"

நான் அந்த நாடாவையே பார்த்தேன்.

"கடைசியா அவளுக்கு ஒரு கவுன் தச்சேன். பாதம்வரைக்கும். படுக்க வச்சுத்தான் அளவெடுத்தேன். முப்பத்தேழே கால். இடுப்பும் இதேதான். பாதியா இளைச்சுட்டா." அவர் விரல் தலைக் கோட்டில் போய் நின்றது. "தலையில ஊசி போடணும்னு முடியை எடுத்தாங்க. வீட்டுல எங்களைத் தவிர வெளியில யாருக்கும் தெரியாது. கடைசிவரைக்கும் துணி சுத்தித்தான் வச்சிருந்தேன்." விரல் வலது மணிக்கட்டுக்கு வந்தது. "இங்க சலைன் ஊசி நகராம இருக்க அட்டை வச்சுக் கட்டியிருந்தாங்க. யார் சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லலம்மா."

இனியும் மறைக்க எனக்குத் தெம்பில்லை. அந்த வியாழக்கிழமையைச் சொன்னேன். பதாகையைச் சொன்னேன். ஐம்பத்தேழு நிமிடத்தைச் சொன்னேன். சட்டை சில்லென்றிருந்ததைச் சொன்னேன். முந்தின நாள் மாலையையும் சொன்னேன். அவர் என்னை அறைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"தரையில படுத்திருந்தது எனக்குத் தெரியும்" என்றார். "அன்னைக்கே சொன்னா. பெருமையாச் சொன்னா, நான் மட்டும்தான் அசையவே இல்லம்மான்னு."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆஸ்பத்திரியில ஒரு நாள் கொஞ்சம் தெளிவா இருந்தா. கொஞ்சம் எழுந்து உக்காருடி, கஞ்சி தரேன்னேன். மாட்டேன்னுட்டா. மிஸ் இன்னும் சொல்லலம்மான்னா." அவர் குரல் உடையவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நேத்து சொன்னீங்களா மிஸ்?"

"இல்ல. ஓடிட்டேன்."

அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை.

"இப்பச் சொல்லுங்க. பாவம், எவ்வளவு நேரம் படுத்திருப்பா."

கூடம் நிறைய ஆட்கள். யாரும் எங்களைக் கவனிக்கவில்லை. நான் தாளுக்குப் பக்கத்தில் குனிந்தேன். வகுப்பில் சொல்வது போலவே சொன்னேன்.

"முடிஞ்சது. எழுந்துக்கலாம்."

மொர மொர...

தலைப் பள்ளம் நிமிர்ந்தது. பிறகு முதுகு. பிறகு இடுப்பு. அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக. கடைசியாக இரண்டு குதிகாலும். தாள் சுவரோடு படிந்து மட்டமாக நின்றது. அவள் அம்மா வாயில் புடவை முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டார்.

நானே தாளைக் கழற்றிச் சுருட்டி அவர் கையில் கொடுத்தேன். "வரேன் மிஸ்" என்று போனார். மணி 11.46.

போனவர் வீட்டுக்குப் போகவில்லை. கூடத்துச் சன்னலில் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே, தினமும் நிற்கும் அதே இடத்தில், சுருளை வலது கையிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பாவம், எங்கே போவது என்று தெரியவில்லை போலும் என்று நினைத்தேன். 11.58க்குக் கிளம்பினார். மிக மெதுவாக நடந்தார். இடது கை மட்டும் உடம்பை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தொங்கியது. சோகத்தில் நடை தளர்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

ஒரு மணிக்கு எல்லோரும் போன பிறகு காவல்காரர் ஓவிய அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வந்தார்.

"ரெண்டாங் கிளாஸ்ல மொட்டை அடிச்ச பாப்பா ஒண்ணு இருக்கா மிஸ்?"

சாவியை வாங்கப் போன என் கை அப்படியே நின்றது.

"உங்க ரூம் வாசப்படியில உக்காந்து ஷூ லேஸ் கட்டிக்கிட்டிருந்துச்சு. ஒரு கையில கட்டு வேற. அவுக்குது, கட்டுது, அவுக்குது, கட்டுது. நானும் பொறுத்துப் பொறுத்துப் பாத்தேன். கட்டிவிடட்டுமா பாப்பான்னேன். வேணாம்னு தலையாட்டிடுச்சு. பத்து நிமிஷத்துக்கு மேல ஆச்சு மிஸ், ரெண்டு கால் கட்ட."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறமென்ன. கேட்ல அவங்கம்மா நின்னுக்கிட்டிருந்தாங்கல்ல, பேப்பரைச் சுருட்டி வச்சுக்கிட்டு. போய் அவங்க கையைப் பிடிச்சுக்கிச்சு. ரெண்டு பேரும் போயிட்டாங்க."